தொழிற்சாலைப் பணிமுறை ஆவணங்களுக்கு வார்ப்புரு அமைக்கும் முறை

இயந்திரத்தை இயக்கும் முறை, பராமரிப்பு முறை, ஆய்வு அறிக்கை, பழுதுக்கான காரண அறிக்கை, கொள்முதலுக்கான விவரக்குறிப்பு என்று ஓர் உற்பத்தி ஆலையில் எழுதப்படும் தொழில்நுட்ப ஆவணங்கள் பலவகைப்படும். இவற்றை எழுதுபவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர்கள் அல்லர். ஷிப்ட் பொறியாளர்களும் பராமரிப்புப் பிரிவினரும் தங்கள் வேலைக்கு நடுவே எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கைகொடுக்கவே வார்ப்புரு (டெம்ப்ளேட்) தேவைப்படுகிறது. ஆனால் பல நிறுவனங்களில் வார்ப்புரு என்ற பெயரில் இருப்பது, மேலே நிறுவனச் சின்னமும் கீழே மூன்று கையொப்பக் கட்டங்களும் கொண்ட ஒரு காலிப் பக்கம்தான். அது ஆவணங்களின் தோற்றத்தை ஒன்றாக்குமே தவிர, எழுதுபவருக்கு எதையும் நினைவூட்டாது. ஆவணத்தைக் கையில் வைத்து வேலை செய்பவருக்கு எழக்கூடிய கேள்விகளை எழுதுபவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பதில் வாங்குவதுதான் வார்ப்புருவின் முதல் வேலை. தோற்றம் அதற்குப் பின்னரே வரும்.

இந்த வழிகாட்டி நெடுகிலும் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்: காற்றை அழுத்தித் தரும் ஸ்க்ரூ கம்ப்ரசர் என்ற இயந்திரத்தில் ஆயில் ஃபில்டர் மாற்றுவதற்கான பணிமுறை. மென்பொருளாக மைக்ரோசாஃப்ட் வேர்டைக் கொள்வோம், ஏனெனில் பெரும்பாலான ஆலைகளில் நடைமுறையில் இருப்பது அதுவே.

பழைய ஆவணங்களிலிருந்து தொடங்குதல்

வார்ப்புருவை வெற்றுத் திரையில் கற்பனை செய்யத் தொடங்குவது தவறான வழி. இணையத்திலிருந்து ஒன்றைத் தரவிறக்கிச் சின்னத்தை மட்டும் மாற்றுவதும் அப்படியே; அது வேறு ஓர் ஆலையின் தேவைக்கு எழுதப்பட்டது. ஏற்கெனவே உங்கள் ஆலையில் புழக்கத்தில் உள்ள ஒரே வகை ஆவணங்களைப் பத்துப் பன்னிரண்டு எண்ணிக்கையில் அச்செடுத்து, ஒரு மேசையில் பரப்பி, மூன்று நிறப் பேனாக்களுடன் உட்காருங்கள். எல்லா ஆவணங்களிலும் சொல் மாறாமல் வரும் பகுதிகளைப் பச்சையிலும், தலைப்பு ஒன்றாகவும் விவரம் வேறாகவும் இருக்கும் பகுதிகளை நீலத்திலும், ஓரிரு ஆவணங்களில் மட்டும் வருவனவற்றைச் சிவப்பிலும் குறியிடுங்கள். பச்சை நிறப் பகுதிகள் வார்ப்புருவில் நிலையான வாசகமாகவும், நீல நிறத்தவை நிரப்ப வேண்டிய இடங்களாகவும் அமையும். சிவப்பு நிறத்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்: சில, ஒருவர் மட்டும் நினைவில் வைத்து எழுதி மற்றவர் அனைவரும் விட்டுவிட்ட முக்கியமான செய்தியாக இருக்கும், சில, எவருக்கும் தேவைப்படாத சேர்க்கையாக இருக்கும்.

இதோடு நில்லாமல், இயந்திரத்தின் அருகே பிளாஸ்டிக் உறையில் தொங்கும் நகல்களையும் போய்ப் பாருங்கள். அலுவலகக் கோப்பில் உள்ள நகல் சுத்தமாக இருக்கும். பணிமனை நகலில்தான் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய குறிப்புகள் இருக்கும். 'பின்பக்க வால்வை முதலில் மூடு', 'கை நுழையாது, சின்ன ஸ்பேனர் எடு', 'ஆயில் சூடாக இருக்கும்' என்பன போன்ற இக்குறிப்புகள் ஒவ்வொன்றும், பழைய ஆவணம் கேட்கத் தவறிய ஒரு கேள்விக்கான விடை. வார்ப்புருவில் என்ன சேர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நம்பகமான சான்று எந்தக் கூட்டத்திலும் கிடைக்காது.

யாருக்காக என்பதைத் தீர்மானித்தல்

ஒரு பணிமுறையைப் படிப்பவர்கள் பலர்: வேலையைச் செய்பவர், அவருக்குக் கற்றுத்தருபவர், வேலை சரியாக நடந்ததா என்று பார்க்கும் மேற்பார்வையாளர், ஆண்டுக்கு ஒருமுறை வரும் தணிக்கையாளர். இவர்களுள் குறைவாகப் படிப்பவர் தணிக்கையாளரே. ஆயினும் பெரும்பாலான வார்ப்புருக்கள் அவருக்காகவே அமைக்கப்படுகின்றன. முதல் பக்கம் முழுவதும் திருத்த வரலாறு, அடுத்த பக்கத்தில் நோக்கம், எல்லை, பொறுப்பு, வரையறைகள் என்று போய், 'இயந்திரத்தை நிறுத்தவும்' என்ற முதல் படி மூன்றாம் பக்கத்தில் வரும் ஆவணங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

இதற்குத் தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் 2015ஆம் ஆண்டுப் பதிப்பின் 7.5ஆம் பிரிவு அப்படி எதையும் கேட்கவில்லை. தலைப்பு, தேதி, எழுதியவர், குறிப்பு எண் போன்ற அடையாளங்கள் இருக்க வேண்டும்; மொழி, வடிவம், ஊடகம் ஆகியவை பொருத்தமாக இருக்க வேண்டும்; மீளாய்வும் ஒப்புதலும் நடந்திருக்க வேண்டும் என்பதே அது கூறுவது. தர நிர்ணயக் கையேடு கட்டாயம் என்ற பழைய விதியைக்கூட அந்தப் பதிப்பு கைவிட்டுவிட்டது. ஆகவே ஆவண எண், திருத்த எண், நடைமுறைக்கு வந்த தேதி, பக்க எண் ஆகியவற்றை மேல்விளிம்பில் ஒரே வரியில் அடக்கி, திருத்த வரலாற்றையும் ஒப்புதல் கட்டங்களையும் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். தணிக்கையாளர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். எண்ணெய்க் கையோடு நிற்பவர் புரட்டமாட்டார்.

எத்தனை வார்ப்புருக்கள் தேவை

எல்லாவற்றுக்கும் ஒன்று என்பதும், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று என்பதும் இரண்டுமே தொல்லை. ஐபிஎம் நிறுவனத்தில் உருவாகி 2005இல் ஓயேசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையான, டீட்டா என்ற ஆவண அமைப்பு முறை, தொழில்நுட்பத் தகவலைச் செயல், கருத்து, மேற்கோள் விவரம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அந்த முறையைப் பின்பற்றாதவர்களுக்கும் இந்தப் பிரிப்பு உதவும். ஃபில்டர் மாற்றுவது செயல். கம்ப்ரசர் எப்படி வேலை செய்கிறது என்பது கருத்து. எந்த மாடலுக்கு எந்த ஃபில்டர் எண் என்ற அட்டவணை மேற்கோள் விவரம். இம்மூன்றையும் ஒரே ஆவணத்தில் கலந்தால், ஃபில்டர் எண் மாறும்போதெல்லாம் பணிமுறை முழுவதையும் மறுபடி ஒப்புதலுக்கு அனுப்ப நேரும். பணிமுறை, விவர அட்டவணை, அறிக்கை என்று மூன்று நான்கு வார்ப்புருக்களில் ஒரு நடுத்தர ஆலையின் தேவை பெரும்பாலும் அடங்கிவிடும்.

பகுதிகளை அமைத்தல்

ஒவ்வொரு தலைப்பையும் சேர்க்கும் முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தை நிரப்புபவர், ஆவணத்தின் பெயரைப் பார்த்தே ஊகிக்க முடியாத ஏதாவது ஒன்றை எழுதுவாரா? இந்தச் சோதனையில் முதலில் தோற்பது 'நோக்கம்' என்ற பகுதி. 'ஸ்க்ரூ கம்ப்ரசரின் ஆயில் ஃபில்டரை மாற்றும் முறையை விளக்குவதே இந்த ஆவணத்தின் நோக்கமாகும்' என்ற வாசகம், தலைப்பையே நீட்டி எழுதியதுதான். அந்த இடத்தில் 'எப்போது செய்ய வேண்டும்' என்று தலைப்பிட்டால், எழுதுபவர் இயங்கிய மணி நேரக் கணக்கையோ, பேனலில் ஃபில்டர் அடைப்பு எச்சரிக்கை வரும் நேரத்தையோ எழுதியாக வேண்டும். தலைப்பு மாறியவுடன் எழுதப்படும் செய்தியும் மாறுகிறது.

அடுத்து வருவது 'தேவையான பொருட்கள்'. இதை வெறும் தலைப்பாக விடாமல், பொருள், அளவு அல்லது பாக எண், கிடைக்கும் இடம் என்று மூன்று நிரல்கள் கொண்ட அட்டவணையாக அமையுங்கள். மூன்றாம் நிரல் இல்லாவிட்டால் 'ஸ்ட்ராப் ரிஞ்ச்' என்று எழுதிவிட்டு நின்றுவிடுவார்கள். அது டூல் கிரிப்பில் (கருவிகள் வைக்கும் அறையில்) உள்ளதா, பராமரிப்பு அலமாரியில் உள்ளதா என்று தேடுவதிலேயே கால் மணி நேரம் போகும்.

செயற்படிகளுக்கான இடம்தான் வார்ப்புருவின் இதயப் பகுதி. இதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். படி எண், செய்ய வேண்டியது, செய்தபின் தெரிய வேண்டியது என்று மூன்று நிரல்கள் போதும். மூன்றாவது நிரலைப் பலர் தேவையற்றதாக எண்ணுவர். ஆனால் 'அழுத்தத்தை வெளியேற்றவும்' என்று மட்டும் எழுதினால், அது முழுவதும் வெளியேறிவிட்டதா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தை வைத்து முடிவு செய்வர். 'செய்தபின் தெரிய வேண்டியது' என்ற கட்டம் காலியாக எதிரே நிற்கும்போது, 'செபரேட்டர் டேங்கின் கேஜில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்' என்று எழுதாமல் எழுதுபவரால் நகர முடியாது. ஏழு பார் அழுத்தத்தில் இயங்கிய தொட்டியின் ஃபில்டரைக் கழற்றப் போகும் ஒருவருக்கு அந்த ஒரு வரிதான் ஆவணம் முழுவதிலும் முக்கியமானது.

இதே கட்டம் 'சரியாக', 'போதுமான அளவு', 'நன்றாக' போன்ற சொற்களையும் வெளிக்கொணரும். 'புதிய ஃபில்டரை நன்றாக இறுக்கவும்' என்பதற்கு எதிரே என்ன எழுதுவது? தயாரிப்பாளரின் கையேட்டைத் திறந்து, கேஸ்கட் தொட்ட பிறகு கையால் எவ்வளவு திருப்ப வேண்டும் அல்லது எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) கொடுக்க வேண்டும் என்று தேடி எடுத்து எழுத வேண்டியிருக்கும்.

எல்லா ஆவணங்களுக்கும் பொருந்தாத பகுதிகளுக்கு, எப்போது வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைத் தலைப்பின் கீழேயே எழுதிவையுங்கள்: 'கழிவு எண்ணெய், குளிரூட்டி, வேதிப்பொருள் ஆகியவற்றுள் ஏதேனும் வெளியேறினால் மட்டும் இப்பகுதியை நிரப்பவும், இல்லையேல் தலைப்புடன் நீக்கவும்.' இப்படி எழுதாவிட்டால், தேவையற்ற இடங்களில் எல்லாம் 'பொருந்தாது' என்ற சொல் நிரம்பும். அதைத் தொடர்ந்து பார்த்துப் பழகிய கண், பொருந்தும் இடத்தையும் தாண்டிச் சென்றுவிடும்.

எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கு மென்பொருள் துறையிலிருந்து ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. வடிவமைப்பு முடிவுகளைப் பதிவுசெய்ய மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த வார்ப்புருவில் தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள் என்ற ஐந்து பகுதிகளே உள்ளன. முழு ஆவணமும் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்க வேண்டும் என்பது அவர் கருத்து. பல நிறுவனங்களில் அது இன்றும் நிலைத்திருப்பதற்கு அதன் சிறிய அளவே காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

எச்சரிக்கைகளுக்கான இடம்

எச்சரிக்கைகள் அனைத்தையும் ஆவணத்தின் தொடக்கத்தில் 'பாதுகாப்பு விதிகள்' என்று குவித்துவைப்பது பரவலான வழக்கம். பொதுவானவற்றை அங்கே வைக்கலாம். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு டேக் மாட்டுவது போன்ற, வேலை முழுவதற்கும் உரியவை அவை. ஆனால் ஒரு குறிப்பிட்ட படியில் மட்டும் நேரக்கூடிய ஆபத்துக்கான எச்சரிக்கை, அந்தப் படிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் படிப்பதற்குள் கை சுட்டிருக்கும். ஆகவே செயற்படி அட்டவணையிலேயே முழு அகலத்துக்கு ஓர் எச்சரிக்கை வரிசையை முன்கூட்டியே வடிவமைத்து வைத்து, தேவைப்படும் இடத்தில் படிக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

அமெரிக்கத் தரநிலையான ஆன்சி இசட்535.6, கையேடுகளில் வரும் எச்சரிக்கைகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: தவிர்க்காவிட்டால் மரணமோ கடுங்காயமோ நேர்வது உறுதியானால் ஒரு நிலை, நேரக்கூடும் என்றால் அடுத்தது, சிறு அல்லது மிதமான காயம் நேரக்கூடுமானால் மூன்றாவது, ஆளுக்குக் காயமின்றிப் பொருளுக்குச் சேதம் நேரக்கூடுமானால் நான்காவது. இவற்றுக்கு அபாயம், எச்சரிக்கை, கவனம், அறிவிப்பு என்ற சொற்களை உங்கள் ஆலைக்குள் நிலைப்படுத்திக்கொண்டு, எந்தச் சொல் எப்போது என்பதை வார்ப்புருவின் குறிப்புரையில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு எச்சரிக்கையிலும் ஆபத்து எது, என்ன நேரும், எப்படித் தவிர்ப்பது என்ற மூன்றும் இருக்க வேண்டும். 'எச்சரிக்கை: எண்ணெய் சூடாக இருக்கும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். வெப்பநிலைக் காட்டியில் குறித்த அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்து, கையுறை அணிந்து கழற்றவும்' என்று ஒரு மாதிரியை நிரப்பியே வைத்துவிட்டால் அடுத்தவர் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்.

வேர்டில் கட்டமைத்தல்

காகிதத்தில் வடிவம் முடிந்த பிறகே கணினிக்குப் போக வேண்டும். எழுத்தின் அளவையும் தடிமனையும் கையால் மாற்றாமல், தலைப்பு, செயற்படி, எச்சரிக்கை, குறிப்புரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்த எழுத்தமைப்பு) அமையுங்கள். படி எண்களை ஸ்டைலுடன் இணைத்துவிட்டால், நடுவில் ஒரு படியைச் சேர்த்தாலும் எண்கள் தாமாக மாறும். 'படி 4ஐப் பார்க்க' என்பன போன்றவற்றையும் கையால் தட்டாமல் கிராஸ் ரெஃபரன்ஸ் வழியாக வைத்து, முடிவில் கன்ட்ரோலுடன் ஏ விசையையும் பிறகு எஃப்9ஐயும் அழுத்திப் புதுப்பிக்கலாம்.

ஆவணத்தின் பெயரையும் எண்ணையும் ஒரே இடத்தில் மட்டும் நிரப்பும்படி செய்வது மிக அவசியம். முகப்பில் ஒரு பெயர், மேல்விளிம்பில் பழைய ஆவணத்தின் பெயர் என்று அச்சாகி வரும் குழப்பம் பெரும்பாலும் நகலெடுத்துத் திருத்துவதால் வருவது. மேல்விளிம்பில் ஸ்டைல்ரெஃப் என்ற, தானாக நிரம்பும் ஃபீல்டைச் செருகி, அதில் தலைப்பு ஸ்டைலின் பெயரைக் கொடுத்தால், முதல் பக்கத்தில் எழுதிய தலைப்பு எல்லாப் பக்கங்களிலும் தானாக வரும். தேதியில் மட்டும் எச்சரிக்கை தேவை: சாதாரண டேட் ஃபீல்டை வைத்தால், அது புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அன்றைய தேதிக்கு மாறிவிடும், சென்ற ஆண்டு ஒப்புதல் பெற்ற ஆவணம் இன்று ஒப்புதல் பெற்றதுபோல் அச்சாகும். நடைமுறைக்கு வரும் தேதியை நாட்காட்டியிலிருந்து தேர்ந்தெடுக்கும் கன்டென்ட் கன்ட்ரோலாக (நிரப்புவதற்கான கட்டமாக) வையுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் பார்க்கும் ஆவணமானால், 05/03/2024 என்பதை மே மாதம் மூன்றாம் தேதி என்று படிப்பவர்களும் உண்டாதலால், ஐஎஸ்ஓ 8601 கூறும் 2024-03-05 என்ற வரிசை பாதுகாப்பானது.

எழுதுபவருக்கான குறிப்புரைகளை, மறைந்த எழுத்தாக வரையறுத்த ஒரு ஸ்டைலில் எழுதுவது என் விருப்பம். கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்தினால் அவை திரையில் தெரியும். மறுபடி அழுத்தினால் மறையும். மறைந்த எழுத்தை அச்சிடும் அமைப்பைத் தெரிவு செய்யாதவரை அச்சில் வாரா. கன்டென்ட் கன்ட்ரோலின் உள்ளே வைக்கும் 'இங்கே எழுதவும்' போன்ற வாசகங்களோ, நிரப்பாமல் விட்டால் அப்படியே அச்சாகிவிடும்.

தமிழில் அமைக்கும்போது ஒரு சிக்கல் தவறாமல் எதிர்ப்படும். வேர்ட், ஆங்கில எழுத்துக்கு ஓர் எழுத்துருவையும் அளவையும், தமிழ் போன்ற எழுத்துகளுக்குக் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற தலைப்பின் கீழ் வேறோர் எழுத்துருவையும் அளவையும் ஸ்டைலில் வைத்திருக்கிறது. முதலாவதை மட்டும் மாற்றினால், ஆங்கிலச் சொல் 12 புள்ளி அளவிலும் பக்கத்திலுள்ள தமிழ்ச் சொல் 11இலும் நின்று வரி கோணலாகத் தெரியும். ஃபான்ட் பெட்டியைத் திறந்து இரண்டையும் அமையுங்கள். எழுத்துருவாக, விண்டோஸ் 8 முதல் உடன்வரும் நிர்மலா யூஐ போன்ற ஒருங்குறி எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டிய ஆவணங்கள் இன்னும் பல அலுவலகங்களில் உண்டு. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே வார்ப்புருவில் ஒட்ட வேண்டும், இல்லையேல் தேடலில் ஒரு சொல்கூட அகப்படாது.

இருமொழி ஆவணமானால், பக்கத்தின் இடப்பாதியில் ஆங்கிலம், வலப்பாதியில் தமிழ் என்று பிரிப்பதைவிட, ஒவ்வொரு படியிலும் தமிழ் வாசகத்தை மேலேயும் ஆங்கிலத்தைக் கீழே சிறிய எழுத்திலும் வைப்பது நல்லது; ஒரு மொழியில் திருத்தி மறுமொழியை மறந்துவிட்டால் உடனே கண்ணில் படும். பேனலிலும் பாகங்களிலும் பொறித்திருக்கும் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். இயந்திரத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே ஆவணத்திலும் எழுத வேண்டும்.

இறுதியில் கோப்பை டாட்எக்ஸ் வகையில் சேமியுங்கள். அதை இருமுறை சொடுக்கினால் புதிய ஆவணம் ஒன்று திறக்கும். மூல வார்ப்புரு கெடாது. சாதாரண டாக்எக்ஸ் கோப்பாக விட்டால், எவராவது ஒருவர் அதிலேயே எழுதிச் சேமித்துவிடுவார்.

புழக்கத்துக்கு விடும் முன்

வார்ப்புருவை அமைப்பதில் பங்கேற்காத ஒருவரிடம் கொடுத்து, அவர் உண்மையிலேயே எழுத வேண்டியிருக்கும் ஓர் ஆவணத்தை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் உட்கார வேண்டாம், உட்கார்ந்தால் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. எழுதி முடித்த ஆவணத்தில் காலியாக உள்ள இடங்கள், 'பொருந்தாது' என்று நிரப்பிய இடங்கள், ஒரே செய்தி இரண்டு பகுதிகளில் திரும்ப வரும் இடங்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். பிறகு அந்த ஆவணத்தைக் கம்ப்ரசர் அறைக்கு எடுத்துச் சென்று, அந்த வேலையைச் செய்பவர் அதைப் பார்த்து வேலை செய்வதைக் கவனியுங்கள். அவர் எந்த இடத்தில் நின்று யோசிக்கிறாரோ, அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் 'என்னண்ணே இது?' என்று கேட்கிறாரோ, அங்கே வார்ப்புருவில் ஒரு கேள்வி குறைகிறது.

பேணுதல்

வார்ப்புருவுக்கு ஒரு பொறுப்பாளர் பெயரளவில் அல்லாமல் உண்மையில் இருக்க வேண்டும். வார்ப்புருவின் திருத்த எண்ணும், அதிலிருந்து எழுதப்பட்ட ஆவணத்தின் திருத்த எண்ணும் வேறு வேறு; முதலாவதைக் கீழ்விளிம்பில் படிவ எண்ணோடு சிறிய எழுத்திலும், இரண்டாவதை மேல்விளிம்பிலும் வைத்தால் தணிக்கையின்போது வாக்குவாதம் எழாது. கோப்பு ஒரே ஓர் இடத்தில் இருக்கட்டும்: சர்வரில் ஒரு படிக்க மட்டுமேயான கோப்புறையில் வைத்து, வேர்டின் ஆப்ஷன்ஸ் பகுதியில் வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ் என்ற இடத்துக்கு அதன் பாதையை ஒவ்வொரு கணினியிலும் கொடுத்துவிட்டால், புதிய ஆவணம் தொடங்கும்போது எல்லாருக்கும் ஒரே வார்ப்புருவே கிடைக்கும்.

ஒவ்வொரு விபத்துக்கும் வாடிக்கையாளர் புகாருக்கும் பிறகு, 'வார்ப்புருவில் ஒரு கட்டம் சேருங்கள்' என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். சேர்ப்பது எளிது, நீக்கத்தான் எவரும் முன்வரமாட்டார்கள். ஆகவே ஒன்றைச் சேர்க்கும்போதே, அது எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று குறிப்புரையில் எழுதிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஆண்டில் எழுதப்பட்ட ஆவணங்களை எடுத்துப் பார்த்து, பெரும்பாலானவற்றில் பயனற்ற சொற்களால் நிரம்பியிருக்கும் கட்டங்களை நீக்கிவிடுங்கள். சட்டமோ வாடிக்கையாளர் ஒப்பந்தமோ கேட்கும் கட்டங்களுக்கு மட்டும் விலக்கு.

பழைய ஆவணங்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் புதிய வார்ப்புருவுக்கு மாற்ற முனைய வேண்டாம். பாதியில் நின்றுபோகும் வேலை அது. ஆபத்து மிகுந்த பணிகளுக்கான ஆவணங்களை முதலில் மாற்றி, மற்றவற்றை அடுத்த திருத்தம் வரும்போது மாற்றிக்கொள்ளலாம். வேர்டில் ஆவணத்தின் ஸ்டைல்களைத் தாமாகப் புதுப்பிக்கும் ஒரு தெரிவு உண்டு. அதை இயக்கியிருந்தால், வார்ப்புருவில் எழுத்துருவை மாற்றும்போது அதனுடன் இணைந்த பழைய ஆவணங்களைத் திறந்தவுடன் அவையும் மாறும். ஆனால் அது ஸ்டைல்களை மட்டுமே கொண்டுவரும். புதிதாகச் சேர்த்த தலைப்போ, அட்டவணையின் புதிய நிரலோ, திருத்திய எச்சரிக்கை வாசகமோ பழைய ஆவணங்களுக்குள் போகாது. அப்படிப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றின்போதும், எந்தெந்த ஆவணங்களை உடனே திருத்த வேண்டும் என்ற பட்டியலை ஒப்புதலுக்கு அனுப்பும் தாளோடு இணைத்தே அனுப்புங்கள்.